ஓய்வுநாள் வண்டி

நமக்கு ஒரு மோட்டார் வண்டி வேண்டும் என்றோம். நண்பர்கள் நல்லது என்றார்கள். அது இத்தாலி நாட்டு வண்டியாயிருக்க வேண்டும் என்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் பந்தய வண்டியின் சாயலுள்ள விரைவு வண்டி என்றோம், சிரித்தார்கள். பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டி என்றபோது நம்மீது இரக்கம் கொண்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் கொட்டகையில் நிற்கும், சனியும் ஞாயிறும் மட்டும் வெளியே வரும் என்று சொல்லி முடித்தபோது, ஹுத்தான் மெலிந்தாங்கில் கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு இதுவரை இருந்துவந்த புத்திசாலி என்னும் பெயர் அன்றோடு தொலைந்தது.

நண்பர்கள் சொன்ன குற்றங்கள் மூன்று. முதலாவது, அது தேவையற்றது. இரண்டாவது, அது நம்பத்தகாதது. மூன்றாவது, அது நம்மவர்க்கு அடுக்காதது. முதலிரண்டும் வண்டியைப் பற்றியவை. கணக்குப் போட்டும் கண்ணால் பார்த்தும் தீர்த்துக்கொள்ளக் கூடியவை. மூன்றாவது மனிதரைப் பற்றியது. ஆகையால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம்மவர்க்கு அடுக்காது என்பதன் பொருள் யாது? பால் வெட்டியவள் பெற்ற பிள்ளைக்கு, தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு, துரைமார் ஓட்டிய வண்டி எதற்கு என்பதேயாம். ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்னும் ஒரு கேள்விக்குள் அவ்வளவும் அடங்கிக் கிடக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலகாலம் கைகட்டி நின்ற ஒரு கூட்டத்தின் பழக்கம் அவர்கள் நாவில் பேசுகிறது, அவ்வளவே.

மோட்டார் வண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு யாதென்று சிறிது எண்ணிப் பார்ப்போம். 1877இல் நமது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமைச் சாசனம் பெற்றார். 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1908இல் ஹென்றி ஃபோர்டு மலிவு வண்டியை வெளியிட்டார். வண்டிகள் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. 1910இல் ரப்பர் விலை அதுவரை காணாத உச்சிக்குச் சென்றது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக் கப்பலேற்றினார்கள். இவ்வாறு தொழிலாளரை அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை அந்த ஓட்டம் பெருகியும் சுருங்கியும் தொடர்ந்தது. நமது ஊருக்கு அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டமும், 1906இல் வெஸ்டென்ஹோல்ஸ் என்னும் டென்மார்க்குக்காரர் ரப்பருக்காகத் தொடங்கியதே. இன்று அங்கும் சுற்றுப்புறமெங்கும் செம்பனை. பால்மரத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

உலகத்து வண்டிகளெல்லாம் உருண்டது நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பாலின்மேல். அந்த வண்டியில் ஏறி உட்கார அவர்களுக்கு இடமிருந்ததில்லை. இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் 1872இல் மிலான் நகரில் ரப்பர்ச் சாமான் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. ரப்பர் மரமோ அந்நாட்டுக் குளிரில் வளர்வதில்லை. இவ்வளவும் அறிந்த பிறகு, இத்தாலிய வண்டி நமக்கு அந்நியம் என்று எவ்வாறு ஒப்புவது? உழைத்தவனுக்குச் சோறு மட்டும் போதும், இன்பம் மற்றவனுக்கு என்னும் சட்டத்தை எழுதியவர் யார்?

நிற்க. உரிமை உண்டு என்பதனால் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. தன் இன்பத்துக்காகச் செலவிடுவது வேறு. பிறர் கண்ணுக்காகக் கடன்படுவது வேறு. நம்மவரிடம் மிகுந்திருப்பது பின்னதே. காதுகுத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டு, அந்தக் கடனை அடைக்க இரவு வேலைக்குப் போகிறவரை வாசகர்களும் அறிவார்கள். நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒன்பதாண்டுத் தவணையில் ஒரு புதுவண்டி எடுத்தார். சம்பளத்தில் பாதி தவணைக்கே போயிற்று. பெட்ரோலுக்குக் காசில்லாமல் வண்டி வாசலில் நின்றது. அவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். மூன்றாம் ஆண்டில் தவணைக்காரர்கள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் தாயார் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். வண்டி போனதைவிட அது போனதை அண்டை வீட்டார் பார்த்ததே அந்தக் குடும்பத்தை அதிகம் வருத்திற்று. பிறர் பார்ப்பதற்காக வாங்கிய பொருள் பிறர் பார்க்கவே பறிபோகிறது.

ஆகையால் நாமும் நம் மனைவியாரும் ஒரு மாலை உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் நான்கு விதிகள் எழுதினோம். ஒன்று, இதற்காக ஒரு வெள்ளியும் கடன் வாங்குவதில்லை. இரண்டு, மகளின் படிப்புக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் ஒதுக்கிய பணத்தின் அருகிலும் போவதில்லை. மூன்று, வண்டியின் விலை எவ்வளவோ அதில் பாதியைப் பழுதுபார்ப்பதற்கென்று தனியே வைத்துவிட்டே வண்டியை வாங்குவது. அந்தப் பாதி கையில் இல்லையானால் வண்டி நமக்கு எட்டாத விலை என்று கொள்வது. நான்கு, அந்தப் பாதியும் ஓராண்டுக்குள் தீர்ந்துவிடுமானால் வண்டியை விற்றுவிடுவது. எழுதி முடித்ததும் மனைவியார் பேனாவை வாங்கினார். "அஞ்சாவதா ஒண்ணு எழுதுறேன். வண்டி வந்தா நானும் ஓட்டுவேன்" என்று சொல்லி அவ்வாறே எழுதினார். வண்டி இருவர் சேமிப்பிலும் வாங்குவது. ஆகையால் மறுமொழி சொல்ல நமக்கு இடமில்லை.

இனி, இத்தாலி எதற்கு? ஜப்பான் வண்டி பழுது குறைந்தது, உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பது என்பர். உண்மையே. ஃபியட் நிறுவனமே 2016இல் தன் பழைய 124 ஸ்பைடர் என்னும் பெயரில் ஒரு விரைவு வண்டியை விற்க விரும்பியபோது, அதை ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் ஆலையிலேயே செய்வித்துக்கொண்டது. நமது அன்றாட வண்டியும் இந்நாட்டில் செய்த மைவியே; அதைக் குறைகூற நமக்கு ஒன்றுமில்லை. தெலுக் இந்தானுக்கு அலுவலாகப் போவதற்கும், அரிசி மூட்டை ஏற்றுவதற்கும், மழையில் மகளை அழைத்துவருவதற்கும் அதைவிட நல்ல வண்டி வேண்டுவதில்லை. நாம் தேடியது அந்த வேலைக்கான வண்டி அன்று.

நாம் எட்டு வயதுப் பையனாயிருந்தபோது, தோட்டத்துக்கு வந்த ஒரு பொறியாளரின் சிறிய சிவப்பு ஆல்ஃபா ரோமியோ, மழைக்குப் பின் செம்மண் சேற்றில் புதைந்தது. பெரியவர்கள் நால்வரும் பிள்ளைகள் நாங்கள் ஆறேழு பேரும் தள்ளினோம். வண்டி மேடேறிக் கிளம்பியபோது அதன் யந்திரம் எழுப்பிய ஒலி வேறெந்த வண்டியிலும் அதற்கு முன் நாம் கேட்டிராதது. லாரியைப் போல் உறுமவில்லை. நாகசுரக்காரர் சுரம் பிடித்து மேலே ஏறுவதைப் போல் ஏறிற்று. அந்த ஒலி மறந்துபோகவில்லை. காரணம் இவ்வளவே, இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நாம் கற்பித்துச் சொல்வதில் நேர்மையில்லை.

பின்னாளில் அந்த வண்டிகளைப் பற்றிப் படித்தபோது மதிப்பு இன்னும் கூடிற்று. ஆல்ஃபா 1910இல் மிலானில் தோன்றியது. 1915இல் நிக்கோலா ரோமியோ என்பவர் கைக்கு வந்து, பிறகு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பின்னர் புகழ்பெற்ற என்ஸோ ஃபெராரி முதலில் ஆல்ஃபா வண்டிகளைப் பந்தயத்தில் ஓட்டியும் ஓட்டுவித்தும் வந்தவர். தம் பெயரில் முதல் வண்டியை 1947இல்தான் வெளியிட்டார். லம்போர்கினி என்பவர் உழவு டிராக்டர் செய்து பிழைத்தவர். 1963இல்தான் விரைவு வண்டி செய்யப் புகுந்தார். ஆலைத் தொழிலாளர் கதையும் நமக்குப் புதிதன்று. தென் இத்தாலியின் வறண்ட கிராமங்களிலிருந்து ஏழைகள் இலட்சக்கணக்கில் இரயிலேறி, ஃபியட் ஆலைகள் இருந்த தூரின் நகருக்குப் போனார்கள். வடக்கத்தியார் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவும் தயங்கினார்கள். 1969இல் அவர்களும் மற்றத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தங்கள் அந்நாட்டையே அசைத்தன. பளபளக்கும் சிவப்பு வர்ணத்துக்குப் பின்னே இத்தகைய கைகள் இருந்தன என்று அறியும்போது, அந்த வண்டி பணக்காரன் பொம்மை என்னும் எண்ணம் சற்றே மாறுகிறது.

இரண்டாவது குற்றமாகிய நம்பத்தகாமையைப் பற்றி. இக்குற்றம் பொய்யன்று. 1970களில் நேப்பிள்ஸ் அருகே செய்யப்பட்ட ஆல்ஃபாசூட் ஓட்டுவதற்கு இனிமையானதென்று பெயர் பெற்றது. துருப்பிடிப்பதிலும் அதே அளவு பெயர் பெற்றது. 1980இல் இங்கிலாந்தில் லான்சியா பீட்டா வண்டிகளின் அடிச்சட்டம் துருவினால் அரித்துப்போக, நிறுவனம் பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. பெர்ணம் ஆற்றங்கரையில், கடற்காற்று எட்டும் தூரத்தில், ஆண்டு முழுதும் ஈரம் காயாத நிலத்தில் இருக்கும் நாம் இதை அலட்சியம் செய்ய முடியுமா? ஆகவே எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன் எவற்றை விலக்குவது என்று பார்த்தோம்.

முதலில், இடப்பக்கச் சுக்கான் உள்ளவை எல்லாம் போயின. அழகிற் சிறந்த பழைய ஃபியட் 124 ஸ்பைடரையும், 1990களின் ஃபியட் பார்கெட்டாவையும் ஆலையார் வலப்பக்கச் சுக்கானோடு செய்ததே இல்லை. அடுத்து, மேல்மூடி திறக்கும் வண்டிகள். பத்து மணி வெயிலும் நாலு மணி மழையும் உள்ள நாட்டில் துணிக்கூரை பூஞ்சணத்துக்கு உணவாகுமேயன்றி நமக்கு உதவாது. அடுத்து, ஃபெராரி. கோலாலம்பூரில் 1990களின் எஃப் 355 ஒன்றை நண்பரோடு சென்று பார்த்தோம், பார்ப்பதற்குக் காசில்லை. அந்த வண்டியில் டைமிங் பெல்ட் மாற்றுவதற்கு யந்திரத்தையே வெளியே இறக்கவேண்டும். அது 3496 சி.சி. யந்திரம்; தீபகற்பத்துத் தனியார் கார்களுக்குரிய விகிதப்படி சாலை வரி மட்டும் ஆண்டுக்கு 4,362 ரிங்கிட். நமது மைவிக்கு 70. நான்கு விதிகளுள் ஒன்றைக்கூட அந்த வண்டி தாண்டவில்லை.

எஞ்சியது ஆல்ஃபா ரோமியோ ஜி.டி.வி. என்னும் இரு கதவு வண்டி. பினின்ஃபரீனா கலைக்கூடத்தில் உருவம் பெற்று, 1995 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு விற்பனையில் இருந்தது. முன்புறத்தில் சிறு வட்டங்களாக நான்கு விளக்குகள். பின்னால் ஒரு குழந்தைக்கும் போதாத இருக்கை. அதன் இரண்டு லிட்டர் யந்திரம் 1970 சி.சி.; சாலை வரி 365 ரிங்கிட். இது நமக்குத் தாங்கும். புதிதாக இருந்த காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத வண்டி, கால் நூற்றாண்டு கழிந்ததனால் நம் அளவுக்கு இறங்கி வந்திருந்தது. வண்டியின் விலை இறங்கினாலும் அதன் உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை என்பதை மட்டும் வாசகர்கள் மறக்கலாகாது. பழைய வண்டி வாங்கி வருந்துவோரில் பெரும்பாலோர் இதை மறந்தவர்களே.

ஈப்போவில் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்தோம். அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்ட அங்கே போகவேண்டியிருந்த நாளில், அவரையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனோம். சிவப்பு வர்ணம்; மெழுகு பூசி, முகம் பார்க்கலாம்போல் இருந்தது. விற்பவர் வண்டியின் எண்ணைக் காட்டி, கூட்டினால் ஒன்பது வருகிறது, அதிர்ஷ்ட எண், அதற்கே தனி விலை உண்டு என்றார். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டோம். எண்ணைக் கூட்டத் தெரிந்தவருக்கு அந்தத் தேதி தெரியவில்லை. பழுதுபார்த்த சீட்டு ஒன்றும் இல்லை. "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பதே சான்று.

நாம் விற்பவரோடு பேசிக்கொண்டிருக்க, அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். அவர் இருபத்தெட்டு ஆண்டு பால் வெட்டியவர். வண்டியைப் பற்றி ஒன்றும் அறியார். ஆனால் பின்சக்கரத்தருகே குனிந்து, டயரின் பக்கத்தை நகத்தால் கீறி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நம்மைக் கைகாட்டி அழைத்தார். "இது செத்த பாலு தம்பி. ஒட்டுப்பால் வெயில்ல கெடந்தா இப்படித்தான் கல்லாப் போவும்" என்றார். நாமும் குனிந்து பார்த்தோம். டயரின் கோடுகள் ஆழமாகவே இருந்தன, அதிகம் ஓடாதது. ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள். அதில் பொறித்திருந்த நான்கு இலக்கங்கள் 1411. முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. அதாவது 2011ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்த டயர். விற்பவர் முகம் சிவந்தது. டயர் மாற்றித் தருகிறேன் என்றார். டயரை மாற்றலாம். டயரை இவ்வளவு காலம் மாற்றாமல் வைத்திருந்தவர் கண்ணுக்குத் தெரியாத மற்றவற்றை எவ்வாறு வைத்திருப்பார்? நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அன்று அம்மா சொன்னதே இந்த வியாபாரத்தின் சாரம் என்று பிறகு கண்டோம். பழைய வண்டியில் இரும்பைவிட ரப்பர் முந்திச் சாகிறது. டயர், குளிர்நீர்க் குழாய், பிரேக் குழாய், கதவோரப் பட்டை, சக்கரத்தைத் தாங்கும் புஷ்கள், எல்லாவற்றுக்கும் மேலாக டைமிங் பெல்ட். இந்தப் பெல்ட்டில் உள்ளது பால்மரத்து ரப்பர் அன்று. சூடும் எண்ணெயும் தாங்கும்படி செய்த செயற்கை ரப்பர். ஆயினும் ரப்பரின் சுபாவம் அதற்கும் உண்டு: ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் காலத்தால் கெடும். ஜி.டி.வி.யின் யந்திரத்தில் இது அறுந்தால், மேலேயுள்ள வால்வுகளும் கீழிருந்து வரும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதும். ஒரு கணத்தில் யந்திரம் பாழ். தொடக்கத்தில் நிறுவனம் 120,000 கிலோமீட்டர் வரை தாங்குமென்று குறித்திருந்தது. இந்த யந்திரத்தோடு பழகியவர்கள் அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். "வாரக் கடைசியில் மட்டும் ஓடிய வண்டி, அதிகம் ஓடவில்லை" என்று விற்பவர் புகழும்போது வாங்குபவர் மகிழக்கூடாது. ரப்பரின் வயது என்ன என்று கேட்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்துத் தைப்பிங்கில் ஒரு வண்டி கிடைத்தது. மழைக்குப் பெயர்பெற்ற ஊர். துருவுக்கு அஞ்சியே போனோம். வண்டியோ சாம்பல் நிறம், பம்பரில் கீறல், இருக்கைத் தோல் ஒருபுறம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. உடையவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர். நாம் வருமுன் யந்திரத்தை முடுக்கவேண்டாம் என்று முன்கூட்டியே மலாயில் சொல்லியிருந்தோம். அவர் அவ்வாறே வைத்திருந்தார். இது வாசகர்களுக்குப் பயன்படும். சூடேறிய யந்திரம் தன் நோயை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த யந்திரத்தை முடுக்கும்போதே அது வெளிப்படும். இந்த யந்திரத்தில் வேரியேட்டர் என்னும் உறுப்புத் தேய்ந்தால், முடுக்கிய சில வினாடிகள் டீசல் லாரிபோல் கடகடக்கும். நம்மோடு வந்த தெலுக் இந்தான் பட்டறைக்காரத் தம்பி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமில்லண்ணே" என்றார். பிறகு தரை விரிப்பைத் தூக்கி விரலால் தடவினார். வண்டிக்கடியில் படுத்து அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரண்டிடத்தில் துரு, அரிக்கவில்லை, மேலோட்டமானது.

ஆசிரியர் உள்ளே சென்று ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் அவர் வண்டி வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு பட்டறைச் சீட்டும் ஆண்டு வாரியாக நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தது. டைமிங் பெல்ட் மூன்று முறை மாற்றப்பட்ட சீட்டுகள், தேதியோடும் கிலோமீட்டரோடும். மற்றவர் கணக்கைப் பார்த்தே பிழைக்கும் நமக்கு அந்த டப்பாவைவிட அழகான பொருள் அன்று அங்கே தென்படவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்றோம். முழங்கால் வலி, கிளட்ச்சை அழுத்த முடியவில்லை என்றார். விலையில் நாம் கேட்ட அளவு அவர் இறங்கவில்லை. டப்பாவைப் பார்த்த பிறகு நாமும் வற்புறுத்தவில்லை.

அதன் பின் உள்ளவை ஒழுங்குகள். வண்டியின்மேல் தவணை நிறுவனம் எதற்கும் உரிமைக் குறிப்பு இல்லையென்று உறுதிசெய்துகொண்டோம். அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் சேஸிஸ் எண்ணும் யந்திர எண்ணும் பதிவோடு ஒத்துப் பார்க்கப்பட்டன. சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாறியது. வந்த முதல் வாரத்திலேயே, பழைய சீட்டு எதுவாயினும் ஆகட்டுமென்று டைமிங் பெல்ட்டையும் தண்ணீர்ப் பம்பையும் நான்கு டயர்களையும் மாற்றினோம். ஒதுக்கி வைத்த பணத்தில் மூன்றிலொரு பங்கு அதிலேயே போயிற்று. எதிர்பார்த்ததே. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கவில்லையா என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்டார். புது டயரே வைத்திருக்கிறோம் அம்மா என்றோம்.

இப்போது முதற் குற்றத்துக்கு வருவோம்: தேவையற்றது. ஆம், தேவையற்றதே. நம் பக்கத்துச் சாலைகள் தட்டையானவை. இருபுறமும் செம்பனை, முன்னால் பழக்குலை ஏற்றிய லாரி. கூட்டரசுச் சாலையில் 90 கிலோமீட்டரும் விரைவுச்சாலையில் 110ம் எல்லை. அந்த எல்லைக்குள் மைவியும் ஓடும். விரைவு வண்டியின் இன்பம் வேகத்தில் இருக்கிறதென்று எண்ணுபவர்கள் அதை வாங்காதிருப்பது அவர்களுக்கும் சாலையில் போவோருக்கும் நலம். அதன் இன்பம் வளைவில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு மலையேறும் சாலையில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே, சுக்கானை ஒரு விரலளவு திருப்ப வண்டி ஒரு விரலளவு திரும்பும். கியரை இறக்க, யந்திரம் அந்தப் பழைய சுரத்தைப் பிடிக்கும். ஓட்டுபவர் வேறொன்றையும் எண்ண முடியாது. வார முழுவதும் எண்ணிய கடனும் வட்டியும் வரிக்கணக்கும் தலையிலிருந்து இறங்கிவிடுகின்றன. இதைத் தேவை என்று சொல்லமாட்டோம். பாட்டும் தேவையில்லை, பூந்தொட்டியும் தேவையில்லை.

ஐந்தாவது விதியின்படி திரும்புகாலில் மனைவியார் ஓட்டுகிறார். வளைவுகளை நம்மைவிட அமைதியாக எடுக்கிறார். பிரேக்கைக் குறைவாகத் தொடுகிறார். சென்ற மாதம் அம்மாவும் ஒருமுறை வந்தார். மூவர் வசதியாகச் செல்ல இடமில்லாததால் நாம் வீட்டில் நின்றுகொண்டோம். மாமியாரும் மருமகளும் தாப்பா வரை போய்வந்தார்கள். எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, "தாழ்வா இருக்கு, ஏறி எறங்க முட்டி வலிக்குது" என்றார் அம்மா. சிறிது பொறுத்து, "அடுத்த வாரமும் போறீங்களா?" என்று கேட்டார்.

ஓராண்டுக் கணக்கை இம்மாதம் முடித்தோம். டயர், பெல்ட், ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பாட்டரி, சாலை வரி, காப்புறுதி எல்லாம் சேர்த்து, ஒதுக்கிய பாதியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கிறது. நாலாவது விதி இவ்வாண்டு தேவைப்படவில்லை. வரும் ஆண்டுக்கான தொகையை மீண்டும் நிரப்ப முடிந்தால் வண்டி இருக்கும். முடியாவிட்டால், சீட்டுகள் அடங்கிய அந்தத் தகர டப்பாவோடு, அடுத்தவர் கைக்குப் போகும். யாரேனும் "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று கேட்டால் நாம் வாதாடுவதில்லை. நோட்டுப் புத்தகத்தைக் காட்டுகிறோம். அதன் பின் சாவியையும் கொடுத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்கிறோம்.